லண்டன் வார் மியூசியத்தை கால் கடுக்காம பாக்குறது எப்படி

லண்டன் போற பாதிப் பேர் இம்பீரியல் வார் மியூசியத்துக்குள்ள போய், அந்தரத்துல தொங்குற ஸ்பிட்ஃபயர் பிளேன் முன்னாடி ரெண்டு போட்டோ எடுத்துட்டு அவ்ளோதான்னு வெளிய வந்துடுறாங்க. நானும் மொத தடவை அதையேதான் பண்ணேன். அடுத்த தடவை அம்மாவோட போனப்பதான் அங்க பீரங்கியை விட வீட்டு சாமான்களைத்தான் தேடித் தேடி பாக்கணும்னு புரிஞ்சுது.

என்ட்ரி ஃப்ரீ. காலைல 10 மணிக்கு தொறப்பாங்க, சாயங்காலம் 6 வரைக்கும் இருக்கும், டிசம்பர் 24ல இருந்து 26 வரை லீவு. லேம்பெத் நார்த் ஸ்டேஷன்ல இறங்கினா பொடிநடைதான். தொறந்த உடனே போயிடுங்க, பதினோரு மணிக்கு மேல ஸ்கூல் பசங்க கூட்டம் வந்துச்சுன்னா ஒரு போர்டு கூட நின்னு படிக்க முடியாது.

வாசல்ல ரெண்டு பெரிய கப்பல் பீரங்கி நிக்கும், வாய் மட்டும் 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர். நம்ம ஊர்ல சாமர்த்தியக்காரனை எம்டன்னு சொல்றோமே, அந்த எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை துறைமுகத்து எண்ணெய் டேங்கை கொளுத்தினது வெறும் 10.5 சென்டிமீட்டர் பீரங்கியாலதான். அதை மனசுல வச்சுகிட்டு இதைப் பாருங்க, அப்பதான் சைஸ் உறைக்கும். கட்டடம் முன்னாடி பெத்லம்ங்கிற மனநல ஆஸ்பத்திரி, மியூசியம் 1936லதான் இங்க வந்துச்சு.

உள்ள போனதும் லெவல் 0ல முதல் உலகப் போர். பதுங்குகுழி மாதிரி ஒரு வழி கட்டி வச்சிருக்காங்க, தலைக்கு மேல டேங்க் எட்டிப் பாக்கும், சோப்வித் கேமல் பிளேன் தொங்கும், பசங்களுக்கு ரொம்ப பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல இங்க செலவு பண்ணாதீங்க, ஏன்னா கால் வலி இங்கதான் ஆரம்பிக்கும், மேல லெவல் 1ல இருக்கிற ரெண்டாம் உலகப் போருக்கு தெம்பு வேணும்.

அங்க போனா மொதல்ல ரேஷன் புக், கேஸ் மாஸ்க் இதெல்லாம் எங்க இருக்குன்னு தேடுங்க. பிரிட்டன்ல 1940 ஜனவரில ஆரம்பிச்ச ரேஷன், போர் முடிஞ்சு ஒன்பது வருஷம் கழிச்சு 1954லதான் முழுசா முடிஞ்சுது. டீத்தூள் ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், நம்ம கணக்குல 57 கிராம். அம்மாகிட்ட சொன்னேன், அந்த சின்ன புக்கையே கொஞ்ச நேரம் பாத்துட்டு "நம்ம டீக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் கூட தேறாதேடா, வீட்டுக்கு ஆள் வந்தா என்ன பண்ணுவாங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாடியும் அவங்க இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டுகிட்டே வந்தாங்க, இவ்ளோ சின்ன மாஸ்க்கை பச்சப்புள்ள மூஞ்சில எப்படி மாட்டுவாங்க, ராத்திரி குண்டு விழுந்தா கிழவங்களை யாரு தூக்கிட்டு ஓடுவாங்கன்னு. நீங்களும் அப்படி கேட்டுகிட்டே பாருங்க, போர்டுல இருக்கிற வருஷக் கணக்கை விட அது மண்டையில நிக்கும்.

விட்டுடக் கூடாத ஒண்ணு, வி-1 பறக்கும் குண்டு. ரெண்டாம் உலகப் போர் கேலரிக்கும், மேல லெவல் 2ல இருக்கிற ஹோலோகாஸ்ட் (ஹிட்லரோட நாஜிகள் யூதர்களை லட்சக்கணக்குல கொன்னது) கேலரிக்கும் நடுவுல வேணும்னே தொங்க விட்டிருக்காங்க. 1944 ஜூன்ல லண்டன் வீடுகள் மேல விழ ஆரம்பிச்சுது, இன்ஜின் சத்தம் கேக்குற வரைக்கும் பயம் இல்ல, சத்தம் நின்னுச்சுன்னாதான் தலைக்கு மேல விழப் போகுதுன்னு அர்த்தம். இந்த வி ரக ஆயுதங்களை ஜெர்மனில சுரங்கத்துக்குள்ள செஞ்சதுல வதைமுகாம் கைதிகளோட அடிமை உழைப்பு இருக்கு. ரெண்டு கதைக்கும் நடுவுல இது ஏன் தொங்குதுன்னு இப்ப புரியும்.

ஹோலோகாஸ்ட் கேலரிக்கு 14 வயசுக்கு கீழ இருக்கிற பசங்களை கூட்டிட்டு போக வேண்டாம்னு மியூசியமே சொல்லுது, கேளுங்க. பெரியவங்களா இருந்தாலும் சாப்பிட்ட கையோட போகாதீங்க. முன்னாடி பார்க் இருக்கு, புளிசாதம் கட்டிட்டு போயி புல்லுல உக்காந்து சாப்பிட்டு கொஞ்சம் காலை நீட்டிட்டு அப்புறம் மேல ஏறுங்க.

சர்ச்சில் ரெண்டாம் உலகப் போரை நடத்தின பாதாள அறைகளான வார் ரூம்ஸும் தேம்ஸ்ல நிக்கிற பெல்ஃபாஸ்ட் கப்பலும் இதே மியூசியத்தோடதுதான், ஆனா ரெண்டுக்கும் காசு, ஒரே நாள்ல மூணையும் அடக்கலாம்னு நினைக்காதீங்க.

போக முடியாதவங்களுக்கு: மியூசியம் வெப்சைட்ல போருக்குப் போனவங்க, ஊர்ல இருந்தவங்க பேசின பழைய ஆடியோ பேட்டி நிறைய ஃப்ரீயா கேக்கலாம். உங்க குடும்பத்துல யாராவது பட்டாளத்துக்குப் போய் திரும்பாம போயிருந்தா தேட வேண்டியது இங்க இல்ல, காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் சைட்ல. ரெண்டு உலகப் போர்லயும் செத்த இந்திய சிப்பாய்கள் பேரும் அதுல இருக்கு. நம்ம பேரை வெள்ளைக்காரன் எப்படி எழுதினான்னு சொல்ல முடியாது, அதனால முத்துசாமிய நாலு ஸ்பெல்லிங்லயாவது போட்டுப் பாருங்க, ரெஜிமென்ட் பேர் தெரிஞ்சா அதையும் சேத்து தேடுங்க.