புழுக்கொடியல் போடுவது எப்படி: அப்பாச்சியின் கைப்பக்குவம்

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், செம்மண் தோட்டத்து நடுவே. 1990க்குப் பிறகு, போரினால், மண்ணெண்ணெய்க்கும் உரத்துக்கும் அரசின் தடை வந்தது. தண்ணீர் இறைக்கும் மெசின் மூலைக்குப் போக, அப்பா மறுபடி கிணற்றுத் துலா மிதித்தார். வெங்காயம் பாதியாகக் குறைந்தது. அந்த வருடங்களில் எங்கள் வயிற்றைக் காத்தது வேலியோரப் பனைதான். அதன் கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்.

ஆவணியில் விழும் பழத்தைப் பொறுக்கி, பனாட்டுக்கு (பழக்களியைக் காயவைத்துச் செய்வது) களி பிழிந்தபின் மிஞ்சும் கொட்டைதான் பாத்திக்கு. மண்ணைக் கொத்திப் புழுதியாக்கி, முழங்கால் உயரத்துக்கு அணைத்து, மேலே கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மெல்லிசாக மண் தூவுங்கள். மற்றதை மாரிமழை பார்த்துக்கொள்ளும். மார்கழிக் கடைசியில் ஒன்றிரண்டைக் கிண்டிப் பாருங்கள். கிழங்கு விரல் தடிப்பில், வெள்ளையாக, நகம் இறங்கும் பதத்தில் இருந்தால் உடனே முழுப் பாத்தியையும் பிடுங்கிவிட வேண்டும். குருத்து விரிந்து ஓலை வெளியே வந்துவிட்டால் கிழங்கு நாராகிவிடும், பல்லுக்கு ஆகாது.

பிடுங்கியதைக் கழுவி, வால் நறுக்கி, உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டு, தண்ணீர் மூட அவியுங்கள். குத்தினால் ஈர்க்கு இறங்க வேண்டும். ஆறியதும் தோலை உரித்து, இரண்டாகக் கிழித்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டுப் பாயில் பரப்புங்கள். அவிக்காமல் கிழித்துக் காயவிட்டால் அது ஒடியல். அதன் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பு நீக்கித்தான் கூழோ பிட்டோ செய்ய வேண்டும்.

காயவிடுவதில்தான் அப்பாச்சி, அப்பாவின் அம்மா, கண்டிப்பு. ஒரு வாரம் நல்ல வெயில். பொழுது படுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி படக்கூடாது. தினமும் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஒடிப்பார். வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும். 'டக்' என்று முறிந்தால் சரி. ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் ஒரு மாதத்தில் முழுக் கடகத்தையும் (ஓலைப் பெட்டி) தின்றுவிடும்.

1995 ஒக்டோபர் 30, இராணுவம் நெருங்க ஊரோடு நாங்கள் எழும்பி நடந்த இரவு, அம்மா தூக்கியது முந்தின வருடத்துப் புழுக்கொடியல் அரை உரப்பை. அவிக்க வேண்டாம், விறகு வேண்டாம். நாவற்குழிப் பாலத்தில் சனம் நகராமல் மழையில் நின்றபோது தம்பியும் நானும் அதைத்தான் தேங்காய்ச் சொட்டோடு கடித்தோம். கடைசித் துண்டு கொடிகாமத்தில் முடிந்தது.

1996 சித்திரையில் திரும்பினோம். கூரை இல்லை. ஆவணியில் போட்ட பாத்தி முழுக்கப் பச்சை ஓலை. அப்பாச்சி அதன் ஓரத்தில் குந்தி, ஒரு கிழங்கைக் கிண்டி எடுத்து, நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணுக்குள்ளேயே வைத்தார். பிறகு வேலிப்பக்கம் மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கொத்தச் சொன்னார். அந்த மூன்றும் வடலியாகி (இளம்பனை) மரமாகின. ஒன்று பெண்பனை. இப்போது பாத்திக்குக் கொட்டை எடுப்பது அதிலிருந்துதான்.