பழைய டீசல் எஞ்சின் வாங்கும் முன்

செமி டிரக்குக்கு, அதாவது டிரெய்லர் இழுக்கும் கனரக லாரிக்கு, பழைய எஞ்சின் தேடினால் டெட்ராய்ட் சீரிஸ் 60, கம்மின்ஸ் என்14, கேட்டர்பில்லர் 3406இ என்ற பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். என் ஓட்டு 12.7 லிட்டர் சீரிஸ் 60-க்கு. உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், டீசலும் அளவாகக் குடிக்கும். மலையேற்றமும் கனத்த சுமையும்தான் பிழைப்பென்றால் 14.6 லிட்டர் 3406இ. டீசல் செலவுக்குப் புலம்பக் கூடாது.

எதுவானாலும், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய், ஸ்டார்ட் ஆகும் விதத்தைப் பாருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்த வண்டியை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா? பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அப்புறம், ஆயிலை ஆய்வகத்தில் சோதியுங்கள். அதில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருந்தால் விலையே பேசாதீர்கள்.

அமெரிக்காவில் 2000-க்கு முந்தைய மாடல் எஞ்சினுக்கு மின்னணு ஓட்டுநேரப் பதிவுக் கருவி கட்டாயமில்லை. விற்பவருக்கும் அது தெரியும்; விலையில் அதையும் சேர்த்துத்தான் கேட்பார்.