தாத்தா பெயரை அப்படியே தட்டித் தேடாதீர்கள்

மலாயாவுக்குப் போன தாத்தாவைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தைத் திறக்கிறவர்கள் முதலில் செய்வது, தேடல் பெட்டியில் அவர் பெயரைத் தட்டுவதுதான். ஒன்றும் வராது. மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் மூடினேன்.

தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை, தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். வீரப்பனுக்கு இரட்டை 'இ'யா ஒற்றை 'ஐ'யா, 'பி' எத்தனை என்பதெல்லாம் அவர் இஷ்டம். அதனால் ஐந்தாறு விதமாகத் தட்டிப் பாருங்கள். ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான்: கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் ஸ்வெட்டன்ஹம், தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன். தோட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஒன்று, கம்பெனி வைத்த பெயர் வேறு. கோப்பில் இருப்பது கம்பெனியுடையது.

அடுத்து தேதி. இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஜப்பான்காரன் காலத்துத் தாளில் 2602 என்று இருந்தால் அது அச்சுப்பிழை இல்லை, ஜப்பானிய ஆண்டுக்கணக்கு, அதாவது 1942. ஊரிலிருந்து வந்த கடிதத்தின் தலையில் 'விரோதி ௵ தை ௴ ௫' (விரோதி வருடம், தை மாதம், 5) என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரோதி என்றால் 1949 என்று இணையம் சொல்லும், அதை நம்பிக் குறித்துக்கொள்வோம். ஆனால் விரோதி பிறந்தது 1949 சித்திரையில், அதன் தை மாதம் வருவது 1950 ஜனவரியில். போதாக்குறைக்கு அறுபது வருடத்துக்கு ஒருமுறை இதே பெயர் திரும்ப வரும், எனவே தாளையும் விஷயத்தையும் பார்த்துத்தான் எந்தச் சுற்று என்று முடிவுசெய்ய வேண்டும்.

பழைய தமிழ்ப் பத்திரிகை என்றால் இன்னொரு தொல்லை. 'லை', 'ணை'க்குத் தும்பிக்கை வைத்த அந்தக் கால எழுத்தைக் கணினி தப்பும் தவறுமாகப் படிக்கும். அங்கே தேடல் பெட்டியை விட்டுவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே மேல், அலுப்புத்தான், வேறு வழியில்லை.

அப்புறம் அரசாங்க அறிக்கை. மலாயாவில் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்களை பிரிட்டிஷ் அதிகாரிகள் முதலில் 'பேண்டிட்' என்றார்கள், 1952இலிருந்து 'கம்யூனிஸ்ட் டெரரிஸ்ட்' என்றார்கள். ஒரு சொல்லை மட்டும் தேடினால் பாதிக் கோப்பு கைநழுவிப் போகும். அதைவிடப் பெரிய தவறு, அதிகாரி எழுதியதை நடந்ததாகவே எடுத்துக்கொள்வது. அவர் தன் மேலதிகாரிக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தளத்தில் இல்லாததால் உலகத்திலேயே இல்லை என்றும் நினைக்காதீர்கள். காலனிகளிலிருந்து பிரிட்டன் எடுத்துப்போய் ஒளித்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான கோப்புகள், மலாயாவுடையதும் சேர்த்து, கென்யர்கள் போட்ட வழக்கால்தான் 2011இல் வெளியே தெரிந்தன. எரித்துவிட்டுப் போனது தனி.

படம் கிடைத்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் தள்ளிவிடாமல் கோப்பு எண்ணைக் கூடவே எழுதி வையுங்கள், பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். கள்ளுக்கடை வாசலில் பத்துப் பேர் நிற்கும் படம் ஒன்று என் போனில் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தேன் என்று மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.