சொல்லிலிருந்து தொடங்கிக் கேட்க வேண்டிய ஓர் ஆல்பம்

1996-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குவின்சி நகரில் தொடங்கப்பட்ட டிராப்கிக் மர்ஃபீஸ் குழு, ஐரிஷ் நாட்டுப்புற இசையையும் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் வேகத்தையும் கலந்து கால் நூற்றாண்டு பாடிய பிறகு, 2022 செப்டம்பரில் ‘திஸ் மெஷின் ஸ்டில் கில்ஸ் ஃபாசிஸ்ட்ஸ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. இதன் பத்துப் பாடல்களின் வரிகளும் 1967-இல் மறைந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரி எழுதியவை. எனவே மற்ற ஆல்பங்களைப் போல இதை ஓடவிட்டுக் கேட்காமல், வரிகளிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கத்ரியை அறிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். 1912-இல் ஓக்லஹோமாவின் ஒகீமா என்ற சிற்றூரில் பிறந்த அவர், புழுதிப் புயலாலும் பொருளாதாரப் பெருமந்தத்தாலும் ஊர்விட்டு ஊர் அலைந்த உழைப்பாளிகளோடு தாமும் அலைந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ‘இந்தக் கருவி ஃபாசிஸ்டுகளைக் கொல்லும்’ என்று தம் கிட்டாரின் மீதே எழுதி வைத்திருந்தார். ஆல்பத்தின் தலைப்பு அந்த வாசகத்தோடு ‘இன்னும்’ என்ற ஒரு சொல்லை மட்டுமே சேர்க்கிறது. குழுவின் அரசியல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பேன். கத்ரியின் குரலில் பதிவான பழைய பாடல்கள் இரண்டையேனும் கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பாடலையும் கேட்பதற்கு முன் அதன் வரிகளை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கத்ரி விட்டுச்சென்ற ஏராளமான வரிகளுக்கு மெட்டு எதுவும் பதிவாகாமலே போனது. அவருடைய மகள் நோரா கத்ரி காத்துவந்த அந்தத் தாள்களிலிருந்து இந்தப் பாடல்கள் பிறந்தன. மெட்டுக்குப் பாட்டு எழுதும் வழக்கத்துக்கு மாறாக, இங்கே பாட்டு பல பத்தாண்டுகள் மெட்டுக்காகக் காத்திருந்தது. ‘ஆல் யூ ஃபோனீஸ்’ பாடலில் தொழிற்சங்கத்தின் பக்கம் நின்று போலிகளைச் சாடும் வரிகளை முன்னரே படித்திருந்தால், கூட்டுக் குரல் எந்தச் சொல்லில் வந்து விழுகிறது என்பது தெளிவாகக் கேட்கும்.

கேட்கும்போது ஒலியளவை மிகையாக உயர்த்த வேண்டாம். கத்ரியின் மாநிலத்திலேயே உள்ள துல்சா நகரில், மின்கிட்டாரை விலக்கி, மின்பெருக்கம் இல்லாத கருவிகளைக் கொண்டே இதைப் பதிவுசெய்தார்கள். இந்தக் குழுவின் பழைய இரைச்சலுக்குப் பழகியவர்களுக்குத் தொடக்கத்தில் ஏதோ குறைவதாகத் தோன்றலாம். அந்த வெற்றிடத்தை நிரப்பும் பான்ஜோவையும், அக்கார்டியனையும், கால் தட்டலையும் தனித்தனியே பின்தொடருங்கள். ‘டென் டைம்ஸ் மோர்’ இதற்கு மிகச் சிறந்த பயிற்சி. எதிரி உழைப்பதைவிடப் பத்து மடங்கு உழைக்க வேண்டும் என்று அறைகூவும் அந்தப் பாடலை மனிதக் குரல்களே தூக்கி நிறுத்துகின்றன.

‘டிக் எ ஹோல்’ பாடலைக் கடைசியில், தனியாகக் கேளுங்கள். ஃபாசிஸ்டுகளைக் கிடத்தக் குழி தோண்டச் சொல்லும் அதில், கத்ரியின் பழைய ஒலிப்பதிவே குழுவின் குரல்களோடு இணைந்து வருகிறது. இறந்தவரின் குரலுக்கு உயிருள்ளவர்கள் பதில் சொல்வதைக் கேட்டு எனக்கு உடல் சிலிர்த்தது.

பிறகு 2005-இல் இதே குழு பாடிய ‘ஐயாம் ஷிப்பிங் அப் டு பாஸ்டன்’ பாடலுக்குத் திரும்புங்கள். அதன் வரிகளும் கத்ரியுடையவையே. இந்த வரிசையில் கேட்டு மனம் ஒன்றியவர்கள், 2023-இல் வந்த இரண்டாம் பகுதியான ‘ஒகீமா ரைசிங்’ ஆல்பத்தையும் வரிகளைப் படித்த பின்னரே தொடங்கலாம்.