காவிரி டெல்டாவைப் பார்க்காமல் வரையப் பழகுவது எப்படி?

வரைபடம் என்றதும் ஆற்றில் தொடங்காதீர்கள். கடற்கரையில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் அதை வைத்து இடம்பிடித்துக்கொள்ளும்.

அளவு: 1 செ.மீ.க்கு 10 கி.மீ. வெள்ளைத்தாளின் வலப்பக்கம் ஸ்கேல் வைத்து, மேலிருந்து கீழாக 12 செ.மீ. கோடு போடுங்கள். மேல்முனை கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு, கீழ்முனை கோடியக்கரை. கரை இவ்வளவு நேராகவா இருக்கும் என்று தயங்க வேண்டாம். அது ஏறக்குறைய 79°50' கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியே இறங்குகிறது. கோடியக்கரையில் கோட்டை மேற்கே திருப்பி, மூன்றரை செ.மீ. தள்ளி முத்துப்பேட்டை. அலையாத்திக் காடு அங்கேதான்.

கடற்கரைக் கோட்டில் கீழிருந்து ஐந்தரை செ.மீ.யில் நாகப்பட்டினம், 7-இல் காரைக்கால், ஒன்பதரையில் பூம்புகார். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, எல்லைக்கோடு போட மறக்காதீர்கள்.

நாகையிலிருந்து மேற்கே 11 செ.மீ. அளந்து, அரை செ.மீ. மேலே வைத்தால் கல்லணை. இன்னும் இரண்டரை செ.மீ. மேற்கே, சற்று மேலே முக்கொம்பு.

இனி ஆறுகள். முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்தை எப்போதும் காவிரிக்கு வடக்கே வரையுங்கள். அதன் படுகை காவிரியைவிடத் தாழ்ந்தது. தண்ணீர் முழுக்க அங்கே இறங்கிவிடாமலிருக்கத்தான் 1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். இந்தக் காரணம் தெரிந்தால் திசை மாறாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியுங்கள். உபரி நீர் கொள்ளிடத்துக்குப் போகும். காவிரி திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் சேரும். அரசலாறு கும்பகோணத்தைத் தொட்டுக் காரைக்காலுக்கு. வெண்ணாற்றில் பிரியும் கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைப் பக்கம்.

மதிப்பெண் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, காவிரியைத் தஞ்சாவூருக்குள் விடுவது. தஞ்சை கல்லணைக்கு மூன்றரை செ.மீ. கிழக்கே, காவிரி அதற்கு ஒரு செ.மீ. வடக்கே, திருவையாற்றில் ஓடுகிறது. இன்னொன்று, கோடுகளைக் கடலை நோக்கிக் குவிப்பது. பவானி, அமராவதி போன்ற துணையாறுகள் காவிரியில் வந்து சேர்பவை, அவை கல்லணைக்கு வெகு மேற்கே. டெல்டாவில் உள்ளவை கிளையாறுகள். சரிவு குறைந்து, வண்டல் படிந்து, விசிறியாக விரிபவை. பென்சில் முனை கல்லணையிலிருந்து கிழக்கே மட்டும் நகரட்டும்.

முதல் முறை அளந்து வரையுங்கள். மறுநாள் அளக்காமல் வரைந்து, கும்பகோணம் கல்லணைக்கு 6 செ.மீ. கிழக்கே, ஒன்றரை செ.மீ. வடக்கே விழுந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை செ.மீ.க்கு மேல் தவறினால் கடற்கரைக் கோட்டிலிருந்து மறுபடி போடுங்கள்.