தக்காளிக்கு முட்டுக்கொடுப்பதும் கவாத்தும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தக்காளி வைத்தவர்கள், செடி இடுப்பளவு வளர்ந்ததும் என்னிடம் படங்கள் காட்டி யோசனை கேட்பார்கள். சாய்ந்து கிடக்கும் செடி, கயிறு இறுகி நெரிந்த தண்டு, இலையெல்லாம் போய் மொட்டையாக நிற்கும் கிளை. தொடக்கத்தில் நானும் செய்த தவறுகள்தான் இவை. வருடா வருடம் அதே தவறுகள் புதுப்புதுக் கைகளில் திரும்ப நடப்பதைப் பார்க்கும்போது, எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

தண்ணீர் விட மறக்காதீர்கள், வெயில் படும் இடத்தில் வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கயிறும் கத்தரிக்கோலும் கையில் எடுத்த பிறகு, அதாவது முட்டுக்கொடுக்கும்போதும் கவாத்துச் செய்யும்போதும் (கிளை, இலைகளை வெட்டி ஒழுங்குபடுத்தும்போதும்) நடப்பவற்றை மட்டும் பார்க்கலாம்.

குச்சியை அப்புறம் ஊன்றிக்கொள்ளலாம் என்று விடுவது

நடும்போது நாற்று அரை அடிகூட இருக்காது. அதன் பக்கத்தில் ஆறடிக் குச்சியை ஊன்றினால் பொருத்தமில்லாமல்தான் தெரியும். அதனால் பலரும் "கொஞ்சம் வளரட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். செடி சாயத் தொடங்கும்போது குச்சியைக் கொண்டுவந்து தண்டை ஒட்டிக் குத்துகிறார்கள். அதற்குள் வேர் நாலாபக்கமும் பரவியிருக்கும். பூ வந்து, காய் பிடித்து, செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில் நாமே அதன் வேரை அறுக்கிறோம். மறுநாள் செடி வாடினால் நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறோம்.

நாற்று நடும் அன்றைக்கே குச்சியையும் ஊன்றிவிடுங்கள். தண்டிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளி, குறைந்தது ஓர் அடியாவது மண்ணுக்குள் இறங்க வேண்டும். மண் இளக்கமாக இருந்தால் ஒன்றரை அடி. தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு அந்த ஆழம் கிடைக்காது. அவர்கள் மூன்று குச்சிகளை விளிம்பை ஒட்டி ஊன்றி, உச்சியில் சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டைச் சுவரிலோ கைப்பிடிக் கம்பியிலோ இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது குச்சி, செடி, தொட்டி மூன்றும் சேர்ந்தே சாயும்.

நண்பர் ஒருவர் முட்டுக்கொடுக்காமல் விட்டிருந்த செடி, காய் நிறைந்த நிலையில் ஒரு மழை இரவில் படுத்துவிட்டது. காலையில் பதறிப்போய் ஒரே இழுப்பில் நிமிர்த்தினார். மழை ஒடிக்காத தண்டு அந்த இழுப்பில் அடியோடு ஒடிந்தது. விழுந்த செடியை ஒரே நாளில் நேராக்கக் கூடாது. முதல் நாள் கொஞ்சம் தூக்கி அடியில் முட்டு வையுங்கள், அடுத்தடுத்த நாட்களில் இன்னும் கொஞ்சம். முழுவதும் நிமிராவிட்டாலும் பரவாயில்லை. மண்ணைத் தொடும் தண்டிலிருந்து தக்காளி புது வேர் விடும்.

செடித் தக்காளியின் பக்கக் கிளைகளைக் கிள்ளி எறிவது

செடித் தக்காளி என்பது ஓரளவு வளர்ந்ததும் நுனி நின்றுவிடும் வகை. எனக்கு இன்றும் ஆற்றாமை தருவது இந்தத் தவறுதான். மற்றவை ஒரு கிளையையோ ஒரு செடியையோ கெடுக்கும். இது அந்தப் பருவத்தின் விளைச்சலையே கொண்டுபோய்விடும். அதுவும் அக்கறையில்லாதவர்கள் செய்யும் தவறு இல்லை. தினமும் காலையில் செடியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, இலைக்கும் தண்டுக்கும் இடையில் துளிர்ப்பதையெல்லாம் ஒன்று விடாமல் கிள்ளுகிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள்.

என் அண்ணி ஒரு வரிசை முழுக்கச் செடித் தக்காளி வைத்திருந்தார். பக்கக் கிளையை விட்டால் சத்து வீணாகும், காய் பிடிக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு துளிர்கூட மிஞ்சாமல் கிள்ளியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு செடியும் ஒற்றைத் தண்டாக நின்றது. இரண்டு மூன்று கொத்துக் காய், உச்சியில் ஒரு பூங்கொத்து, அதற்கு மேல் எதுவுமில்லை. "இதுக்கு மேல வளரவே மாட்டேங்குது, என்ன உரம் போடலாம்?" என்று கேட்டார். உரத்தால் ஆவது ஒன்றுமில்லை. அது வளர வேண்டிய கிளைகளையெல்லாம் தினம் தினம் கிள்ளி எறிந்தாயிற்று. அதை அவரிடம் சொல்வதற்கே எனக்கு மனம் வரவில்லை.

தக்காளியில் இரண்டு வளர்ச்சி முறை உண்டு. கொடித் தக்காளியின் நுனி நிற்காமல் நீண்டுகொண்டே போகும். ஆறடி, எட்டடி, இடமும் பருவமும் அனுமதித்தால் அதற்கும் மேல். போகிற வழியெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதில் பக்கக் கிளைகளை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு தண்டுகளை மட்டும் வளர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. நுனியிலிருந்து காய் வந்துகொண்டே இருக்கும், காற்றோட்டம் கிடைக்கும், எண்ணிக்கை குறைந்தாலும் காய் பெரிதாகும், சீக்கிரம் பழுக்கும்.

செடித் தக்காளி அப்படி இல்லை. சில கொத்துகள் வைத்ததும் அதன் நடுத்தண்டின் நுனியே ஒரு பூங்கொத்தாக மாறி வளர்ச்சி முடிந்துவிடும். பெரும்பாலும் மூன்று நான்கு அடிதான். அப்படியானால் மீதிக் காயெல்லாம் எங்கிருந்து வரும்? பக்கக் கிளைகளிலிருந்துதான். ஒவ்வொரு பக்கக் கிளையும் வளர்ந்து, தன் பங்குக்குக் கொத்து வைத்து, தானும் ஒரு பூவோடு முடியும். அதைக் கிள்ளினால் காயைத்தான் கிள்ளுகிறோம். பக்கக் கிளைகளோடு இலையும் போவதால், மிஞ்சிய நாலு காயும் நேர் வெயிலில் நின்று வெந்துபோகும்.

இந்தக் குணம் 1914-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு மரபணு மாற்றத்தால் வந்தது. குள்ளமாக நின்று, காய்களை ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுக்க வைக்கும் செடி வயல் சாகுபடிக்கு வசதியாக இருந்தது. பின்னாளில் இயந்திர அறுவடைக்கு இப்படிப்பட்ட செடியே தேவைப்பட்டது. அதனால்தான் இன்று ஏராளமான ரகங்களில் இந்தக் குணம் இருக்கிறது. நம் கைக்குப் பெயர் தெரியாமல் வந்து சேரும் நாற்றும் செடித் தக்காளியாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

விதைப் பொட்டலத்தில் 'டிடெர்மினேட்' என்றிருந்தால் செடித் தக்காளி, 'இன்டிடெர்மினேட்' என்றிருந்தால் கொடித் தக்காளி. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ரகங்களும் உண்டு. சந்தேகம் வந்தால் அவற்றில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. பழத்தின் வடிவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரோமா, சான் மர்சானோ இரண்டுமே நீள்வடிவப் பழம், இரண்டுமே கெட்டிச் சதை. ஆனால் ரோமா செடி வகை, சான் மர்சானோ கொடி வகை.

பொட்டலமே இல்லையென்றால் செடியிடம்தான் கேட்க வேண்டும். முதல் பூங்கொத்து வரும்வரை இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்கு மேல், ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவில் எத்தனை இலை என்று எண்ணுங்கள். மூன்று மூன்று இலைக்கு ஒரு கொத்து என்று சீராகப் போனால் பெரும்பாலும் கொடி. இடைவெளி இரண்டு, ஒன்று என்று குறைந்து, நுனியில் இலைத்துளிர் இல்லாமல் பூ மட்டும் நின்றால் செடி. ஆகவே, இரண்டு மூன்று கொத்துகள் வரும்வரை முதல் கொத்துக்கு மேலே எதையும் கிள்ளாதீர்கள். இந்தப் பொறுமை ஒன்று போதும், நான் பார்த்த பாதி நஷ்டம் நடந்திருக்காது.

செடித் தக்காளி என்று தெரிந்துவிட்டதா? முதல் கொத்துக்குக் கீழே அடித்தண்டில் வரும் கிளைகளை எடுக்கலாம். அதிலும் முதல் கொத்தை ஒட்டிக் கீழே வரும் கிளையை விட்டுவிடுங்கள், அது பலமான கிளை. அதற்கு மேல் கை வைக்கவே வேண்டாம். குள்ளம்தானே என்று முட்டுக்கொடுக்காமலும் விடாதீர்கள். எல்லாக் காயும் சேர்ந்து பருக்கும்போது அதன் பாரம் கொடித் தக்காளியைவிட மோசமாக இழுக்கும்.

ஏற்கெனவே கிள்ளிவிட்டவர்கள் செடியை உடனே பிடுங்கிவிட வேண்டாம். பருவம் மிச்சம் இருந்தால் அடிக் கணுக்களிலிருந்து மறுபடி துளிர்க்கலாம். துளிர்த்தால் அதை விட்டுவைத்து, தண்ணீரும் கொஞ்சம் தழைச்சத்தும் (நைட்ரஜன்) கொடுங்கள். அண்ணியின் வரிசையில் சில செடிகள் அப்படித் துளிர்த்தன. காய் வந்தது, ஆனால் குறைவு.

"தக்காளியில் பக்கக் கிளையைக் கிள்ள வேண்டும்" என்று யாருக்காவது சொல்லப்போகிறீர்கள் என்றால், எந்தத் தக்காளியில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி வாக்கியம்தான் ஊரெல்லாம் சுற்றுகிறது.

பூங்கொத்தைப் பக்கக் கிளை என்று கிள்ளுவது

பக்கக் கிளை, இலைக்காம்பும் தண்டும் சேரும் மூலையிலிருந்து வரும். பூங்கொத்து இரண்டு இலைகளுக்கு நடுவே வெறும் தண்டிலிருந்து வரும். கீழே இலை இல்லையென்றால் தொடாதீர்கள்.

ஈர இலையில் கவாத்து

காயட்டும். கருகல் நோய்க்கு ஈரமும் காயமும் சேர்ந்து கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம்.

தடித்துப்போன கிளையைப் பார்த்ததும் வெட்டுவது

கொடித் தக்காளியில் பக்கக் கிளை விரல் நீளம் இருக்கும்போது கையாலேயே கிள்ளினால் காயம் ஒரே நாளில் ஆறிவிடும். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பென்சில் தடிமனில் நான்கைந்து கிளைகள் நிற்கும். எல்லாவற்றையும் அன்றைக்கே வெட்டினால் செடிக்கு அதிர்ச்சி, பழத்துக்கு வெயில். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மட்டும் எடுங்கள். மற்றவற்றின் நுனியைக் கிள்ளி, இரண்டு இலைகளை விட்டுவையுங்கள். கிளை நீளாது, இலை நிழல் தரும். வெயில் கடுமையாக இருக்கும் இடங்களில் சிறு கிளைகளைக்கூட இப்படி இலை விட்டே கிள்ளலாம்.

வெட்டிய கிளை ஆரோக்கியமாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஈர மண்ணில் நட்டு நிழலில் வைத்தால் வேர் விட்டுத் தாய்ச்செடியைப் போலவே வளரும்.

ஒரு செடியை வெட்டிய கத்தரிக்கோலை அப்படியே அடுத்த செடிக்குக் கொண்டுபோக வேண்டாம். மொசைக் வைரஸ் கையிலும் கருவியிலும் ஒட்டிக்கொண்டு போகும். சந்தேகமான செடியைக் கடைசியில் தொடுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பழத்துக்கு வெயில் பட வேண்டும் என்று இலையை உருவுவது

தக்காளி பழுக்க நேர் வெயில் தேவையில்லை, மிதமான வெப்பம் போதும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும் பழத்தில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, மஞ்சளும் ஆரஞ்சுமாகத் திட்டுத் திட்டாக நிற்கும். இன்னும் சூடானால் வெயில் படும் பக்கம் தோல் வெளுத்து, குழிந்து, அதில் பூசணம் ஏறும். இலைதான் பழத்துக்குக் குடை, பழத்தின் இனிப்பை உண்டாக்குவதும் இலைதான்.

மண்ணிலிருந்து ஓர் அடி உயரம்வரை உள்ள இலைகளை எடுப்பது சரி. மண்ணிலிருந்து தெறிக்கும் நீரோடு நோய்க்கிருமி முதலில் ஏறுவது அங்கேதான். ஆனால் செடி முதலில் நன்றாக வளர்ந்து நிற்கட்டும். அப்புறம் மஞ்சளான இலை, புள்ளி விழுந்த இலை. அவ்வளவுதான்.

இறுக்கிக் கட்டுவது

இன்று விரல் தடிமனில் இருக்கும் தண்டு நாளை இன்னும் பருக்கும். மெல்லிய நைலான் கயிறோ கம்பியோ போட்டு இறுக்கினால் தண்டுக்குள் பதிந்து அறுத்துவிடும். பழைய பருத்தித் துணியைப் பட்டையாகக் கிழித்துக் கட்டுங்கள், சணலும் நல்லது. குச்சியில் இறுக்கமாக ஒரு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, தண்டைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம். பார்க்க 8 போல இருக்க வேண்டும், தண்டின் பக்கம் ஒரு விரல் நுழைய வேண்டும். ஓர் அடிக்கு ஒரு கட்டு போதும். கட்டு இலைக்காம்புக்குக் கீழே வரட்டும். பூங்கொத்துக்கு நேர்கீழே கட்டினால், காய் பருத்துக் கீழே இழுக்கும்போது கொத்துக்காம்பு கயிற்றில் அழுந்தி ஒடியும்.

சின்னக் கூண்டுக்குள் கொடித் தக்காளி

மூன்றடிக் கம்பிக்கூண்டு செடி வகைக்கு. கொடி வகை அதைத் தாண்டிப் போய்க் கூண்டையும் சேர்த்துச் சாய்க்கும்.

நுனியைக் கிள்ளும் நேரத்தைத் தவறவிடுவது

கொடித் தக்காளிக்கு மட்டும் இது. பூ காயாகிப் பழுக்க ஏறக்குறைய ஏழு எட்டு வாரம் ஆகும். உங்கள் பகுதியில் தக்காளிப் பருவம் எப்போது முடிகிறதோ, குளிரோ கடும் வெயிலோ, அதற்குச் சுமார் 45 நாட்கள் முன்பு நுனியைக் கிள்ளிவிடுங்கள். கடைசியாகக் காய் பிடித்த கொத்துக்கு மேலே இரண்டு இலைகளை விட்டுக் கிள்ள வேண்டும். கிள்ளிய பிறகு இலை மூலைகளில் புதுத் துளிர்கள் வேகமாகக் கிளம்பும். வாரம் ஒரு முறை அவற்றையும் பார்த்து எடுத்துவிடுங்கள்.