ஜிம்னிக்குப் பெரிய டயர்: எங்கே உரசும், ஏன் உரசும்

வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பார்த்தால் எந்த டயரும் பொருந்தியது போலத்தான் தெரியும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு பக்கச் சக்கரம் கல்மேல் ஏறி நிற்கும்போதுதான் எது எதில் இடிக்கிறது என்பது வெளியே வரும். டயர் வாங்கிய பிறகு அதைக் கண்டுபிடிப்பதைவிட, வாங்கும் முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம்.

இங்கே உள்ள எண்கள் 2018-இல் வந்த சுசூகி ஜிம்னிக்கானவை (மாடல் குறியீடு ஜேபி74). பழைய ஜிம்னிக்கும், மற்ற சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கும் முறை இதேதான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சக்கரம் கழற்றி மாட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: உயரக் கணக்கு

கம்பெனி டயர் 195/80 ஆர்15. 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ., பக்கச் சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 312. ரிம் 15 அங்குலம், 381 மி.மீ. மொத்த விட்டம் 693 மி.மீ.

இதே மாதிரி போட்டால் 215/75 ஆர்15 டயர் 703.5 வரும், கூடுதல் 1.5 சதவீதம்தான். 235/75 ஆர்15 டயர் 733.5 வரும், கூடுதல் 5.8 சதவீதம். விட்டம் கூடியதில் பாதிதான் தரை இடைவெளியில் சேரும், ஆகவே 235 போட்டால் ஆக்சிலும், அதில் உருண்டையாகத் துருத்தி நிற்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃப்ரன்ஷியலும் 20 மி.மீ. உயரும். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் நீளமான ஸ்பிரிங் முதலியவை) பாடியைத்தான் உயர்த்தும், டிஃப்ரன்ஷியலை அல்ல. கல்லில் முதலில் இடிக்கும் அந்த உருண்டையை உயர்த்த டயரை விட்டால் எளிய வழி வேறில்லை. பெரிய டயர் போடுவதற்கு இதுதான் நல்ல காரணம். தோற்றத்துக்காக மட்டும் என்றால் 215-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம்.

ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உண்மை அகலம் சில மில்லிமீட்டர் மாறும். எம்டி (சேற்றுக்கான மட் டெரெய்ன்) டயர்களில் ஓரத்துக் கட்டைகள் பக்கச் சுவர் வரை துருத்திக்கொண்டு நிற்கும். ஆர்டர் கொடுக்கும் முன் தயாரிப்பாளர் தரும் அளவுப் பட்டியலைப் பாருங்கள். தினமும் ஓட்டும் வண்டிக்கு ஏடி (எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன்) டயரே போதும் என்பது என் கட்சி. எம்டி கனம் கூட, இரைச்சல் கூட, ஈரத் தார்ச் சாலையில் பிடிமானமும் குறைவு.

படி 2: ரிம்மும் ஆஃப்செட்டும்

நிறையப் பேர் வழுக்கும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

கம்பெனி ரிம் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் பிளஸ் 5 மி.மீ. (ஆஃப்செட் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). 215/75 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை ரிம் போடலாம், ஆகவே பழைய ரிம்மே போதும். 235/75 டயருக்கோ குறைந்தது 6 அங்குலம் வேண்டும். 5.5-இல் மாட்டினால் ஏறிவிடும், காற்றும் நிற்கும். ஆனால் டயரின் விளிம்புகள் உள்ளே நெருக்கப்பட்டு, தரையைத் தொடும் பகுதி நடுவில் உப்பிக்கொள்ளும். நடுத்தேய்மானம், வளைவில் பக்கச் சுவர் ஆட்டம் இரண்டும் கூடவே வரும். 235 என்று முடிவு செய்தால் ரிம்மும் மாற்றத்தான் வேண்டும்.

இப்போது ஆஃப்செட். ரிம் அகலத்தின் சரிபாதிக் கோட்டுக்கும், ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் அது. பிளஸ் என்றால் சக்கரம் உள்ளே போகும், மைனஸ் என்றால் வெளியே வரும்.

கம்பெனி டயரின் உள் ஓரம் ஹப் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது? அகலத்தில் பாதி 97.5, ஆஃப்செட் 5, மொத்தம் 102.5 மி.மீ. அதே ஆஃப்செட்டில் 235 போட்டால் 117.5 கூட்டல் 5, அதாவது 122.5. டயர் 20 மி.மீ. உள்ளே நகர்ந்துவிட்டது. முன் ஆக்சிலைச் சேஸிஸோடு பிணைக்க நீளவாக்கில் போகும் ரேடியஸ் ஆர்ம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் அதில் போய் உரசும்.

"லிஃப்ட் போட்டால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ரேடியஸ் ஆர்மின் முன்முனை ஆக்சிலிலேயே பூட்டியிருக்கிறது. சக்கரம் ஏறினால் அதுவும் கூடவே ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். வண்டியை ஒரு அடி உயர்த்தினாலும் அந்த இடைவெளி மாறாது. அதைத் தீர்ப்பவை இரண்டே: ஆஃப்செட்டைக் குறைப்பது, அல்லது சக்கரம் ஒடியும் கோணத்தைக் குறைப்பது.

சரி, மைனஸ் 15 போட்டால்? 117.5 கழித்தல் 15, மறுபடி 102.5. உள்பக்கம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் வெளிப்பக்கத்தைப் பாருங்கள்: முன்பு 92.5 மி.மீ.-இல் இருந்த ஓரம் 132.5-க்கு வந்து நிற்கும். 40 மி.மீ. வெளியே. ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போட்டு, பம்பரின் கீழ் மூலையையும் மட்கார்டின் பின்பக்கத்தையும் இடிக்கும். வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், சேறு கதவு முழுக்கத் தெறிக்கும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டக்கூடாது என்ற சட்டம் பல இடங்களில் உண்டு.

அதனால் நான் சொல்வது 6 அங்குல ரிம், ஆஃப்செட் 0 முதல் மைனஸ் 5 வரை. உள்ளே மிச்சமிருக்கும் 10, 15 மி.மீ. நெருக்கடியை ஸ்டியரிங் ஸ்டாப்பில், அதாவது ஒடிப்பை நிறுத்தும் போல்ட்டில் (படி 4), சமாளிக்கலாம். ரிம் வாங்கும்போது 5 போல்ட் துளை, அவை அமையும் வட்டம் 139.7 மி.மீ., நடுத்துளை 108 மி.மீ. என்று மூன்றையும் பாருங்கள். பழைய ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு வைத்து ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது. இறுக்கவும் சோதிக்கவும் இன்னொரு அடுக்கு நட் சேரும் என்பது ஒன்று, 5.5 அங்குலப் பிரச்சினை அப்படியே இருக்கும் என்பது இன்னொன்று.

படி 3: ஒரே ஒரு சக்கரத்தில் ஒத்திகை

ஐந்து டயரையும் ஏற்றிவிடாதீர்கள். ஒன்றை மட்டும் ரிம்மில் ஏற்றி முன்பக்கம் மாட்டுங்கள். டயரின் இரண்டு தோள்களிலும் சுற்றிலும் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். மஞ்சள் நல்லது, கறுப்புப் பிளாஸ்டிக்கில் பளிச்சென்று ஒட்டும். சமதரையில் மெதுவாக இடது முழு ஒடிப்பு, வலது முழு ஒடிப்பு, இரண்டையும் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டுங்கள். இறங்கி டார்ச் அடித்து, மஞ்சள் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, அந்தச் சக்கரத்தை உறுதியான மேட்டில் ஏற்றி ஸ்பிரிங்கை நன்றாக அமுக்கி, மறுபடி ஒடியுங்கள். சக்கரம் தொங்கும் நிலையையும் பார்க்க வேண்டும். அப்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் விறைத்துக்கொண்டு நின்றால் அது உரசலைவிட ஆபத்து. பிறகு டயரை மறுபக்கம் மாட்டி எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். லிஃப்ட் போட்ட வண்டியில் பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிணைக்கும் கம்பி) ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்திருக்கும், ஆகவே இடது தப்பித்ததால் வலதும் தப்பும் என்று சொல்ல முடியாது.

மஞ்சள் ஒட்டாவிட்டாலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். சேறு அப்பினால் அதுவும் அடைபடும்.

படி 4: உரசலைத் தீர்ப்பது

ரேடியஸ் ஆர்மில் உரசல்: ஸ்டியரிங் நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் ஆக்சில் முனை) பக்கம் ஒடிப்பை நிறுத்தும் போல்ட் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். அப்படித் திருப்ப வழியில்லாத அமைப்பில் போல்ட் தலைக்கு அடியில் 2 மி.மீ. வாஷர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். உரசல் நின்றதும் நிறுத்திவிடுங்கள். தேவைக்கு மேல் கூட்டினால், 4.9 மீட்டர் திருப்பு ஆரம் என்ற ஜிம்னியின் பெரிய வசதியை நீங்களே காவு கொடுத்ததாகும்.

உள் லைனரில் (மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்) உரசல்: ஹீட் கன்னால் இளக்கிப் பின்னுக்குத் தள்ளி, ஆறும்வரை பிடித்திருங்கள். திருகு போடும் முன் அந்தப் பக்கம் வயரோ குழாயோ ஓடுகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பம்பர் மூலை: மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டு, நுண்பல் ஹாக்ஸா பிளேடால் வெட்டி, அரத்தால் விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். முதலில் 10 மி.மீ. மட்டும். வெட்டியதை ஒட்ட முடியாது.

சக்கரம் மேலே ஏறும்போது மட்கார்டின் மேற்புறம் தொடுகிறதென்றால், லிஃப்ட் ஸ்பிரிங் மட்டும் போதாது. முழுசாக அமுங்கினால் சக்கரம் பழைய உயரத்துக்கேதான் போகும். அதைத் தடுப்பது நீளமான பம்ப் ஸ்டாப், அதாவது ஆக்சில் மேலே ஏறுவதை ஓரளவோடு நிறுத்தும் ரப்பர் கட்டை. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

படி 5: மாட்டுதல்

ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் துரு போகத் தேயுங்கள். நட்டுகள் எம்12, மரையிடைவெளி 1.25 மி.மீ. கையால் நாலைந்து சுற்று ஏறிய பிறகுதான் ஸ்பேனர். நட்சத்திர வரிசையில், டார்க் ரென்ச்சால் 100 நியூட்டன் மீட்டர். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. ஏர் கன்னைக் கிட்டே விடாதீர்கள், மரையில் கிரீஸும் வேண்டாம். புது ரிம்மின் நட் இருக்கை கூம்பா, உருண்டையா, தட்டையா என்று பார்த்து அதற்கேற்ற நட் போடுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பின் மறுபடி இறுக்கிப் பாருங்கள், கட்டாயம்.

காற்று: கதவோரத்து ஸ்டிக்கர் எண் பழைய டயருக்கானது. அதைவிட 6 பிஎஸ்ஐ கூட்டி ஆரம்பியுங்கள். டயரின் குறுக்கே சாக்பீஸில் தடிமனாக ஒரு கோடு போட்டு, தார்ச் சாலையில் நேராக 100 மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் 2 குறையுங்கள், கோடு சீராக அழியும்வரை. ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே தார்ச் சாலையில் வேண்டாம்.

சேர்க்கை: டயர் போட்ட பிறகு 60, 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது என்று பலர் கேட்டார்கள். முதலில் பேலன்சிங்கைத் திரும்பப் பாருங்கள். அதில் குறையில்லையென்றால் பான்ஹார்ட் ராடு புஷ், கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங் தளர்வு, லிஃப்டால் குறைந்த காஸ்டர் கோணம் (அந்த அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) என்று வரிசையாக. கனமான டயர் ஏற்கெனவே இருந்த தளர்வைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஸ்டியரிங்கின் அதிர்வைத் தாங்கும் டாம்பரை மாற்றினால் உதறல் கொஞ்ச நாள் அடங்கும், காரணம் உள்ளேயே இருக்கும்.

இன்னொரு சேர்க்கை, ஸ்டெப்னி பற்றி. அதையும் அதே அளவில் போட வேண்டும். முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் நடு டிஃப்ரன்ஷியல் ஜிம்னியில் கிடையாது. ஒரு சக்கரம் மட்டும் விட்டத்தில் சிறுத்திருக்க, ஃபோர் வீலில் ஓட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சுற்று வித்தியாசம், இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும். பெரிய ஸ்டெப்னி பின்பம்பரைத் தொடுகிறதா, கதவு தடையின்றித் திறக்கிறதா என்று அளந்து பாருங்கள். கனம் கூடுவதால் கீல் போல்ட்டுகளையும் அவ்வப்போது சோதியுங்கள்.

ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும்: 235 போட்ட பிறகு முள் முன்பு காட்டிய அதே 100-இல் நின்றால், வண்டி முன்பைவிட 5.8 சதவீதம் வேகமாகப் போகிறது. டயர் மாற்றும் முன்னும் பின்னும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். ஓடோமீட்டரும் அதே அளவு குறைவாக எண்ணும், ஆகவே மைலேஜ் விழுந்ததாகத் தோன்றுவதில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. மீதி உண்மையான இழப்பு. மேனுவல் வண்டியில் லோ ரேஞ்ச் (மெதுவாக, வலுவாக இழுக்கும் நிலை) முதல் கியரின் மொத்த விகிதம் 36.2-லிருந்து 34.2-க்கு இறங்கியதற்குச் சமம். மேட்டில் கிளட்ச்சை அரை மிதியில் பிடித்து ஏறும் பழக்கம் இருந்தால் அந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தைக் கருகல் வாசனையிலேயே கண்டுகொள்வீர்கள்.